பணிஸ் கொடுங்கள், பணிஸ் போட்டி வைக்காதீர்கள்

ஒக்டோபர் முதலாந் திகதி சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாகவே வருகின்றன. மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையானாலும் எழுவான்கரையானாலும் முன்பள்ளி, சிறுவர் கழகம், மாதர் சங்கம், முதியோர் சங்கம் எல்லாம் சேர்ந்து ஒரே பந்தலில் குடும்பக் கொண்டாட்டமாக அதை நடத்துவதுண்டு. நல்ல காரியம்தான். அந்த மாதத்தில் பின்னேரம் இடி மின்னல் வரும் என்பதால் காலையிலேயே தொடங்கிவிடுங்கள். மற்றபடி, ஆஸ்பத்திரிச் சிறுவர் விடுதியில் வேலை செய்யும் தாதி என்ற வகையில் எனக்குப் பயம் தருவது போட்டி நிரல்தான்.

உணவு மூச்சுக்குழாயில் அடைக்கும் ஆபத்து இரண்டு வயதுப் பிரிவினருக்கு அதிகம். ஒன்று, கடைவாய்ப் பல் சரியாக வந்து மெல்லப் பழகாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மற்றது, கட்டுப்பல் போட்டவர்களும் பாரிசவாதம் வந்து விழுங்கும் பலம் குறைந்தவர்களுமான முதியவர்கள். இந்த இரண்டு பகுதியாரையும் ஒரே நாளில் கூப்பிட்டு, ஓடிக்கொண்டே சாப்பிடச் சொல்கிறோம்.

பணிஸ் சாப்பிடும் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நூலில் கட்டித் தொங்கும் காய்ந்த பணிஸ், பின்னால் கட்டிய கை. பிள்ளை எம்பிக் கடிக்கிறது, சுற்றி நிற்பவர்கள் சிரிக்க அதுவும் சிரிக்கிறது. சிரித்து மூச்சை உள்ளிழுக்கும் அந்த நொடியில் குரல்வளை திறந்திருக்கும், வாயிலோ மெல்லாத பணிஸ். பெரியவர்களுக்கு வைத்தாலும் இதே கதைதான். டொபி பொறுக்கும் ஓட்டத்திலும் பாதி டொபி பைக்குப் போகாமல் வாய்க்குப் போகும். பலூன் ஊதி உடைப்பதை முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறவே வேண்டாம். உடைந்த றப்பர்த் துண்டு தொண்டையில் சவ்வுபோல ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கஷ்டம்.

கச்சானை, அதாவது நிலக்கடலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வறுத்த கச்சான் இல்லாத கூட்டம் நம் பக்கத்தில் ஏது? சின்னப் பிள்ளை ஒன்று கச்சான் தின்னும்போது இருமும், முகம் சிவக்கும், பிறகு சரியாகி விளையாடப் போய்விடும். வீட்டாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அரைக் கச்சான் ஒன்று, பெரும்பாலும் வலப்பக்கச் சுவாசக் கிளைக்குள், போய் உட்கார்ந்திருக்கலாம். எக்ஸ்றேயில் கச்சான் தெரியாது. நாள் போக விடாத இருமல், காய்ச்சல், ஒரு பக்கத்து நெஞ்சில் மட்டும் இழுப்பு. முட்டு (ஆஸ்துமா) என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். கடைசியில் பிள்ளையை மயக்கி, குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். “அண்டைக்குக் கச்சான் திண்டு இருமினவன்” என்ற ஒரு வசனம் வைத்தியருக்குப் பெரிய உதவி. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அடைத்துவிட்டால் நம் ஊரில் முதலில் நடப்பது என்ன? “உச்சியில தட்டுகா, ஆரோ நினைக்காங்க!” உச்சியில் தட்டுவதால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் பருக்குவதும், மீன்முள்ளுக்குச் செய்வதுபோல் சோற்றுருண்டை விழுங்கச் செய்வதும், கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவுவதும் நிலைமையை மோசமாக்கும்.

பலமாக இருமினால், அழுதால், விட்டுவிடுங்கள், இருமட்டும். சத்தம் வராமல் கை தொண்டைக்குப் போய் உதடு நீலமானால் காத்திருக்க வேண்டாம். முன்னுக்குக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தரம் பலமாக அடியுங்கள். வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 தரம் இழுத்து அமுக்குங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றை அமுக்கக் கூடாது. முன்கையில் தலை தாழ்ந்திருக்கக் குப்புறக் கிடத்தி முதுகில் 5 அடி, திருப்பி நெஞ்சு நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் 5 அமுக்கு. கர்ப்பிணிக்கும் வயிறல்ல, நெஞ்சுதான். மயங்கி விழுந்தால் உடனே நெஞ்சை அமுக்கி மூச்சுக் கொடுக்கும் முதலுதவியைத் தொடங்குங்கள். வயிற்றை அமுக்கியவர் தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும்.

ஒருவர் இதைச் செய்ய இன்னொருவர் 1990க்கு எடுக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் ஒக்சிசன் இல்லாமல் மூளை தாங்குவது சில நிமிடங்கள்தான். வெல்லாவெளிப் பக்கத்து உட்கிராமத்துக்கு எந்த வாகனமும் அதற்குள் வந்து சேராது.

போட்டியை விடச் சொல்லவில்லை. பணிஸைத் தட்டில் ஏந்தி விழாமல் கொண்டுபோகும் அஞ்சலோட்டம் வையுங்கள், முடிந்ததும் பாயில் இருந்து சாப்பிடட்டும். டொபிக்குப் பதில் போத்தல் மூடி பொறுக்கட்டும், பரிசாகக் கொப்பி கொடுக்கலாம். கயிறிழுத்தல், யானைக்குக் கண் வைத்தல், கிடுகு பின்னுதல் எல்லாம் இருக்கவே இருக்கின்றன. சின்னவர்களுக்கு வாழைப்பழம், பப்பாசி, கொழுக்கட்டை, எருமைத் தயிர் போதும். முந்திரிகைப் பழம் (திராட்சை) வைத்தால் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். முதலுதவி தெரிந்தவரைப் பிரமுகர் வரிசையில் கதிரை போட்டு இருத்தாமல், சாப்பாட்டு மேசைப் பக்கம் நிற்கவிடுங்கள்.