இடமாறு மரபுக்கூறு

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டோரம் சாயங்காலம் மலரும் அந்திமந்தாரையைப் பார்த்திருப்பீர்கள். சில செடிகளில் மஞ்சள் பூவில் சிவப்புக் கீற்றும் புள்ளியும் விழுந்திருக்கும். ஒரு பூவைப் போல இன்னொரு பூ இருக்காது. சிவப்பு நிறமிக்குத் தேவையான மரபணு ஒன்றுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்து அதை முடக்கியிருக்கிறது. இதழ் வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு வெளியேறினால், அந்தச் செல்லின் வழிவந்தவை எல்லாம் சிவக்கும். சீக்கிரம் வெளியேறினால் அகலமான கீற்று, தாமதமானால் சின்னப் புள்ளி.

இப்படி இடம் மாறும் துண்டுக்கு டிரான்ஸ்போசான் என்று பெயர். லத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால், ‘போனெரே’ என்றால் வைத்தல். பாக்டீரியா ஆய்வில் 1974-ல் வந்த சொல் இது. அந்தத் துண்டுகளோ அதற்கு முன்பே தெரிந்திருந்தன. 1940-களில் மக்காச்சோள மணிகளின் புள்ளிகளை ஆராய்ந்த அமெரிக்க மரபியலாளர் பார்பரா மெக்லின்டாக் இவற்றைக் ‘கட்டுப்படுத்தும் கூறுகள்’ என்றார். நோபல் பரிசு 1983-ல்தான் வந்தது.

தமிழில் ‘தாவும் மரபணு’ என்று எழுதுகிறோம். சொல்ல எளிது, ஆனால் தாவரங்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. தாவரங்களில் பெரும்பங்கு வகிக்கும் ரெட்ரோடிரான்ஸ்போசான் தாவுவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து ஆர்என்ஏ நகல் எடுத்து, அதை டிஎன்ஏவாக்கி வேறிடத்தில் செருகுகிறது. அப்படிப் பெருகிப் பெருகித்தான் மக்காச்சோள மரபுத்தொகுதியில் (அதன் மொத்த டிஎன்ஏவில்) சுமார் 85 சதவீதம் இடமாறும் கூறுகளாகிவிட்டது. அப்புறம், எல்லாமே மரபணுவும் இல்லை. மெக்லின்டாக் கண்ட ‘டிஎஸ்’ என்ற துண்டு தானாக நகராது. நகர்த்தும் நொதியை உருவாக்கும் மரபணு அதில் முழுதாக இல்லாததால், ‘ஏசி’ என்ற இன்னொன்றின் நொதி வேண்டும். அதனால் பொதுப்பெயராக ‘இடமாறு மரபுக்கூறு’ என்பதையே நான் எடுத்துக்கொள்வேன். ரெட்ரோ வகையை ‘நகல்வழி இடமாறு கூறு’ எனலாம்.

இவற்றை வெறும் குப்பை என்று ஒதுக்கிய காலம் உண்டு. அது பெரிய அநியாயம். மரபியலின் தந்தை மெண்டல் ஆராய்ந்த சுருங்கிய பட்டாணிக்குக் காரணம், மாவுச்சத்தை உருவாக்க உதவும் நொதியின் மரபணுவில் செருகப்பட்ட இப்படியொரு துண்டு. மக்காச்சோளத்தின் காட்டு மூதாதையான டியோசின்டி புதராகக் கிளைக்கும். கிளைப்பதை அடக்கும் மரபணுவுக்கு அருகே ‘ஹாப்ஸ்காட்ச்’ என்ற கூறு செருகப்பட்டதால் அந்த மரபணுவின் வேலை கூடியது. அந்த மாற்றம் உள்ள செடிகளை மெக்சிகோவின் பழங்கால உழவர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். வேப்பூர், திட்டக்குடி பக்கத்து வயல்களில் மக்காச்சோளம் ஒற்றைத் தண்டாக நிற்பதற்கு அந்தச் செருகல் ஒரு முக்கியக் காரணம்.