‘தஸ்ஹீஹ்’ திருத்தல்வாதம் அல்ல

1969 ஜூன் 22 அன்று, அன்றைய தெற்கு ஏமனின் தலைநகர் ஏடனில் நடந்த ஆட்சி மாற்றத்தைத் தமிழில் ‘திருத்தல்வாத இயக்கம்’ என்று எழுதுவதை இன்னும் எத்தனை தடவை படிப்பது?

அரபியில் அதன் பெயர் ‘அல் குத்வா அத் தஸ்ஹீஹிய்யா’. குத்வா என்றால் காலடி, எடுத்துவைக்கும் அடி. தஸ்ஹீஹ் என்றால் பிழையைச் சரியாக்குவது. ஹதீஸ், அதாவது நபிமொழி பற்றிப் பேசும்போது நம்மூர் முஸ்லிம்கள் சொல்லும் ‘ஸஹீஹ்’ (சரியானது) இதே வேர்தான். அச்சுக்கூடத்துப் பிழைதிருத்தமும் அரபியில் தஸ்ஹீஹ்தான். சொல் அவ்வளவுதான்.

திருத்தல்வாதமோ மார்க்சியர்கள் ஒருவரை ஒருவர் திட்டும் சொல். ஜெர்மன் சோஷலிஸ்ட் பெர்ன்ஸ்டைனைத் திட்டினார்கள், பிறகு சீனா சோவியத் தலைவர் குருஷேவைத் திட்டியது. மார்க்சியத்தின் அடிப்படையையே மாற்றி நீர்த்துப்போகச் செய்பவன் திருத்தல்வாதி. ஏடனில் நடந்ததோ நேர் எதிர்: ஆளும் தேசிய விடுதலை முன்னணியின் இடதுசாரிகளான சாலிம் ருபய்யா அலியும் அப்துல் ஃபத்தாஹ் இஸ்மாயிலும், மிதவாதியான முதல் குடியரசுத் தலைவர் கஹ்தான் அல் ஷாபியைக் கீழே இறக்கினார்கள். மார்க்சியத்தை நோக்கி நடந்தவர்களுக்கு, அதை விட்டு விலகியவனின் பட்டத்தைச் சூட்டுவது என்ன மொழிபெயர்ப்பு? இரண்டிலும் ‘திருத்து’ இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், ‘வாதம்’ யார் கேட்டது?

‘சீர்திருத்த இயக்கம்’ என்பது இன்னொரு தொல்லை. சீர்திருத்தவாதம் என்பதும் மார்க்சியர்கள் அகராதியில் வசைதான். அதோடு, ஆட்சியைப் பிடுங்கியதைக் கோயில் நுழைவு, விதவை மறுமணம் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

என் கணக்கில் ‘பிழைதிருத்த நடவடிக்கை’ போதும், மேற்கோள் குறிக்குள். மேற்கோள் குறி அவசியம், ஏனென்றால் அது வென்றவர்கள் வைத்த பெயர். 1970-இல் சிரியாவில் ஹாஃபிஸ் அல் அசத் தன் கட்சியின் தீவிர இடதுசாரிகளைக் கவிழ்த்துவிட்டு இதே தஸ்ஹீஹைத்தான் சொன்னார். 1971-இல் எகிப்தில் சதாத்தும் அப்படியே. வலப்பக்கம் திரும்பினாலும் தஸ்ஹீஹ், இடப்பக்கம் திரும்பினாலும் தஸ்ஹீஹ். திருத்தல்வாதம் என்று எழுதினால் இந்தக் கூத்தே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

திருத்தியவர்கள் கதையும் தெரிந்ததுதான். 1978-இல் சாலிம் ருபய்யா அலி சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் நாட்டுத் தலைவரான இஸ்மாயில் 1980-இல் பதவி விலகி மாஸ்கோ போனார், 1985-இல் திரும்பினார். 1986 ஜனவரி 13 அன்று கட்சியின் அரசியல் குழுக் கூட்டத்திலேயே அப்போதைய நாட்டுத் தலைவர் அலி நாசர் முகம்மதின் காவலர்கள் எதிரணியினரைச் சுட்டார்கள். அதில் தப்பிய இஸ்மாயில் அதைத் தொடர்ந்த சண்டையில் காணாமல் போனார். அலி நாசர் தோற்று வடக்கு ஏமனுக்கு ஓடினார். ஏமன்காரர்கள் இதை ‘ஜனவரி நிகழ்வுகள்’ என்றுதான் சொல்கிறார்கள். தயவுசெய்து அதையும் யாராவது ‘ஜனவரிப் புரட்சி’ ஆக்கிவிடாதீர்கள்.