நானுஓயாவில் விடும் கழிவுநீர், கொட்டியாரக் குடா, நம் உரிமை

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் கானில் விடும் தண்ணீர் எங்கே போகிறது? நானுஓயா, கொத்மலை ஓயா, அப்புறம் மகாவலி. அந்த ஆறு 335 கிலோமீற்றர் ஓடி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. பொகவந்தலாவைத் தண்ணீரோ களனியோடு சேர்ந்து கொழும்பு முகத்துவாரத்துக்குப் போகிறது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, வர்த்தமானியில் குறித்த தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இல்லாமல் கழிவுநீரை வெளியே விட முடியாது. பெரிய தொழில்களுக்கு அதை மத்திய சுற்றாடல் அதிகாரசபை கொடுக்கிறது. சிறிய சிலவற்றுக்குப் பிரதேச சபையோ நகர சபையோ கொடுக்கும்.

எவ்வளவு அழுக்கு போகலாம் என்பதை 2008 பெப்ரவரி வர்த்தமானி சொல்கிறது. முக்கியமான அளவு உயிரியல் ஒட்சிசன் தேவை. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் 5 நாளில் தண்ணீரிலிருந்து எவ்வளவு ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் அது. அது கூடினால் மீனுக்கு மூச்சுமுட்டும். ஆற்றில் விட்டால் லீற்றருக்கு 30 மில்லிகிராம், நேரே கரையோரக் கடலில் விட்டால் 100 வரை போகலாம். கடல் கலக்கிக் கரைத்துவிடும் என்ற கணக்கு.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. இது லீற்றர் கணக்கு. ஒரே ஓயாவில் பத்துக் குழாய்கள் 30க்குள் நின்றால் பத்தும் சட்டப்படி சரி. பத்தின் மொத்தச் சுமையை அந்த எண் காட்டாது. மரக்கறித் தோட்டத்து உரம் மழையோடு வருவதால் அதற்குக் குழாயும் இல்லை. வழியிலுள்ள நீர்த்தேக்கங்கள் சேற்றைப் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் உரத்திலும் கழிவுநீரிலும் கரைந்து வரும் நைதரசனும் பொசுபரசும் முழுதாக அங்கே தங்காது. தங்குவதும் சும்மா இருப்பதில்லை, பாசிக்கு உணவாகும்: கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகியது 1990களிலேயே பதிவான விஷயம்.

கடலில் பாதிப்பைப் பார்க்கத் தண்ணீர்ப் போத்தல் மட்டும் போதாது, அது அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். அடிச்சேற்றை அள்ளி, அதிலுள்ள புழு, சிப்பி வகைகளை எண்ணுவார்கள். அழுக்குக் கூடிய இடத்தில் வகைகள் குறைந்து, ஒன்றிரண்டு சிறு புழுக்கள் மட்டும் கூட்டமாகப் பெருகியிருக்கும். அழுக்குப் படாத இன்னோர் இடத்தையும் பார்த்து, பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால்தான் கணக்கு நிற்கும்.

சரி, ஆற்றின் மேற்பக்கம் மலையில் இருக்கும் நாம் என்ன கேட்கலாம்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரம் கொடுத்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். அனுமதிப்பத்திரப் பிரதி, காலாவதித் திகதி, கடைசி நீர்ப்பரிசோதனை அறிக்கை மூன்றையும் கேளுங்கள். மாதிரி குழாய் வாயில் எடுத்ததா, ஓயாவில் கலந்த பிறகு எடுத்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.