பாசிக் குளிசையும் ஆறாத புண்ணும்

பல் அச்சு எடுக்க நாங்கள் ஒரு தூளைத் தண்ணீரில் குழைப்போம். அல்ஜினேட் என்று பெயர். இரண்டு மூன்று நிமிடத்தில் றப்பர் போல இறுகிவிடும். கபில நிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது அது. வாயில் வைத்ததும் சிலருக்கு ஓங்காளம் வரும். "ஒண்டுமில்லை, கடற்பாசிதான்" என்றால் கொஞ்சம் அடங்குவார்கள். பாசிக்குடா என்று ஊருக்கே பெயர் வைத்த சனம்தானே நாங்கள்.

அந்த வசனம் போன மாதம் எனக்கே திரும்பி வந்தது. கல்லடிப் பக்கத்து அம்மா ஒருவர், அறுபது தாண்டியவர். கன்னத்தின் உள்ளே வெள்ளையாகத் தடித்த தோல், நடுவில் சிவந்த புண், பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. பயொப்சி, அதாவது சோதனைக்குச் சின்னத் துண்டொன்று வெட்டி எடுக்கவேண்டும் என்றதும் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். கனடாவிலிருந்து மகன் அனுப்பியது, கபிலக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஃபுகோயிடன் என்ற பொருளின் குளிசை. "புற்றுநோய் பரவாமல் தடுக்குமாம் மகள். கடற்பாசிதானே, என்ன செய்யப்போகுது?"

மகன் வாசித்தது முழுப் பொய்யும் இல்லை. வாயின் மேற்தோலுக்கு அடியில் மெல்லிய சவ்வொன்று இருக்கிறது. கெட்டுப்போன கலங்கள் அதைத் துளைத்து இறங்கினால்தான் கழுத்து நெறிகளுக்கும் அதற்கப்பாலும் போகமுடியும். அந்தச் சவ்வின் முக்கியமான பொருள் கொலாஜன். அதை வெட்டும் நொதியங்களில் எம்.எம்.பி 2, எம்.எம்.பி 9 இரண்டும் பெயர்போனவை. இந்த எம்.எம்.பி குடும்பத்தின் முதல் நொதியத்தை 1962இல் வாற்பேத்தையின் வாலில் கண்டுபிடித்தார்கள். தவளையாகும்போது வால் கரையவேண்டுமே!

ஆய்வுகூடத்தில் இதைப் பார்ப்பது அழகான வேலை. ஜெலற்றின் கலந்த ஜெல்லில் நொதியத்தை ஓடவிட்டு நீலச் சாயம் ஊற்றுவார்கள். நொதியம் தின்ற இடம் மட்டும் வெளிறிய கோடாகத் தெரியும். கபிலப் பாசிச் சாறு சேர்த்தால் அந்தக் கோடு மங்குகிறது. பாசியிலுள்ள ஃபுளோரோடானின்களுக்கும் ஃபுகோயிடனுக்கும் இப்படிச் சோதனைக் குழாயில் நல்ல பெயர்தான்.

டானின் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது பாக்கு. அதன் துவர்ப்பே டானின்தான். டானின் அநேகமாக எந்தப் புரதத்திலும் ஒட்டும், அதனால் சாறு குறிப்பாக இந்த நொதியத்தைத்தான் பிடித்ததா என்று சொல்வது கஷ்டம். இன்னொன்றும் இருக்கிறது. பாக்குப் போடுகிறவர்களுக்குக் கன்னம் நார்போல இறுகி வாய் திறக்க ஏலாமல் போவதுண்டு. மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விடச் சொல்வேன், சிலருக்கு இரண்டும் போகாது. பாக்கின் டானின் கொலாஜன் கரைவதைத் தடுத்துவிடுவதும் இதற்கொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த இறுகிய கன்னத்திலும் புற்றுநோய் வரும். பாக்கு தனியாகவே புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் 2004இல் வெளியிட்டும்விட்டது. நொதியத்தை அடக்கினால் எல்லாம் சரி என்ற கணக்கு எங்கள் வெற்றிலைத் தட்டிலேயே பிழைக்கிறது.

மருந்துக் கம்பனிகளும் இந்தக் கணக்கை நம்பித் தோற்றவைதான். இந்த நொதியங்களை அடக்கும் மரிமஸ்ராற் என்ற மருந்தை 1990களில் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டும் தோளும் பிடித்துக்கொண்டன, எதிர்பார்த்த பலன் வரவில்லை. புண் ஆறவும் எலும்பு புதுப்பிக்கவும் உடம்புக்கு இதே நொதியங்கள் வேண்டும். இந்த வழியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது என் துறையில்தான், முரசு (பல் ஈறு) நோய்க்கு 20 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின். புற்றுநோய்க்கு அல்ல.

சரி, பலன் இல்லாவிட்டாலும் கெடுதி இல்லையே என்பார்கள். ஃபுகோயிடன் இரத்தம் உறைவதை மந்தமாக்கக்கூடியது. அந்த அம்மா ஏற்கெனவே இதயத்துக்கு வார்பரின் என்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுக்கிறார், கத்தி வைக்கும் முன் இது எனக்குத் தெரிந்தாகவேண்டும். தைரொயிட் உள்ளவர்களுக்குப் பாசியின் அயடீன் பிரச்சினை. சில வகைப் பாசிகள் ஆர்சனிக்கையும் உறிஞ்சி வைத்திருக்கும். கரையில் ஒதுங்கியதை அவித்துக் குடிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

அம்மா மகனை வட்சப்பில் பிடித்துத் தந்தார். அங்கே நடுச்சாமம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார், போத்தலில் எவ்வளவு மிச்சம் என்று. பாதி என்றேன்.

"அப்ப ஆறு கிழமை போயிற்று, டொக்டர்."