லைமன் ஆல்ஃபா காடு: ஒரு சொல் விளக்கம்

வெள்ளக்காடு என்கிறோம். அங்கே மரம் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எங்கு பார்த்தாலும் தண்ணீர், அவ்வளவுதான். வானியலில் ‘லைமன் ஆல்ஃபா காடு’ என்ற சொல்லைப் பார்த்ததும், ஆங்கிலத்திலிருந்து அப்படியே தூக்கி வைத்ததுபோல இருக்கிறதே என்று தோன்றினால், வெள்ளக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

லைமன் ஆள் பெயர். ஹார்வர்டு இயற்பியலாளர் தியோடர் லைமன் (1874–1954), 1906-ல் புற ஊதாப் பகுதியில் ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளைக் கண்டார். அந்த ஒளியைக் காற்றே விழுங்கிவிடும் என்பதால் கருவிக்குள் வெற்றிடம் வைத்து வேலை பார்க்க வேண்டியிருந்தது. பிளஸ் டூவில் லைமன், பாமர், பாஷன் என்று மனப்பாடம் செய்தோமே, அதே லைமன் வரிசைதான். ஆல்ஃபா அதன் முதல் கோடு; அலைநீளம் 121.6 நானோமீட்டர்.

ஒரே ஒரு கோடு எப்படிக் காடாகும்? செம்பெயர்ச்சி (ஒளியின் அலை நீண்டு சிவப்புப் பக்கம் நகரும் அளவு) 3 உள்ள ஒரு குவேசாரை, அதாவது வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் ஒரு விண்மீன் திரள் மையத்தை, எடுத்துக்கொள்வோம். அதன் ஒளி நம்மிடம் வந்து சேர்வதற்குள் பேரண்டம் விரிந்து, ஒவ்வோர் அலைநீளமும் 4 மடங்காகிவிடுகிறது. அது உமிழ்ந்த 121.6, நமக்கு 486-ல், நீலப்பச்சையில் தெரியும். வழியில் செம்பெயர்ச்சி 2.5-ல் கிடக்கும் ஹைட்ரஜன், தன் இடத்தில் 121.6-ஐத்தான் கடிக்கும், அந்தக் கடித்தடம் நமக்கு 426-ல் தெரியும். செம்பெயர்ச்சி 2-ல் கிடப்பதன் தடம் 365-ல். இப்படி வழிநெடுகக் கடிபட்டு வந்த நிறமாலையில், 486-க்கு வலப்பக்கம் (அலைநீளம் கூடும் பக்கம்) பெரும்பாலும் வழுவழுவென்று இருக்க, இடப்பக்கம் நூற்றுக்கணக்கான கோடுகள் நெருக்கியடித்து நிற்கும். அதுதான் காடு. கோடு நிற்கும் இடத்தைப் பார்த்தே அந்த வாயு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

1971-ல் கிட் பீக் வானாய்வகத்தின் ராஜர் லிண்ட்ஸ், 4சி 05.34 என்ற குவேசாரில் இந்தக் கூட்டத்தைப் பார்த்து, பெரும்பாலானவை லைமன் ஆல்ஃபாவே என்றார். காடு என்ற பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது.

இனி தமிழ். ஒளியை எடுத்துக்கொள்வதைப் பாடநூல்கள் ‘உட்கவர்தல்’ என்கின்றன. இணையத்தில் ‘உறிஞ்சல்’ அதிகம். என் ஓட்டு உட்கவருக்கு. பஞ்சு உறிஞ்சினால் தண்ணீர் உள்ளேயே தங்கும். ஹைட்ரஜனோ எடுத்த ஒளியை மறுகணமே வேறு திசையில் உமிழ்ந்துவிடுகிறது. கவர்ந்த ஆநிரை மீள்வது தமிழுக்குப் புதிதா என்ன!

‘வரிக்காடு’ என்று எழுதினால் வருமான வரிதான் நினைவுக்கு வரும். கோடு என்பதற்கு மரக்கிளை என்ற பழைய பொருளும் உண்டு. கோட்டுப்பூ அப்படி வந்ததே. ஆகவே முழுப்பெயர் வேண்டுமானால் ‘லைமன் ஆல்ஃபா கோட்டுக்காடு’ எனலாம்.

நான் விட்டுவிடச் சொல்வது ‘முகில்’ என்ற சொல்லை. தொடக்கத்தில் இந்தக் கோடுகளைப் போடும் வாயுவைத் தனித்தனி முகில்களாகத்தான் நினைத்தார்கள். 1990-களில் வந்த கணினிப் பாவனைகள் வேறு படத்தைக் காட்டின: விண்மீன் திரள்களுக்கு இடையே வலைபோல ஓடும் இழைகள். அவற்றின் ஹைட்ரஜனில் லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் எலக்ட்ரானை இழக்காமல் மிஞ்சியிருக்கிறது. அந்த மிச்சமே இத்தனை கோடு போடுகிறது. ‘திரளிடை இழை’ என்பது பொருந்தும்.

செம்பெயர்ச்சி 6-ஐத் தாண்டினால் கோடுகளுக்கு நடுவே இடைவெளியே இராது. காடு இருக்க வேண்டிய பகுதியில் ஒளி மொத்தமாகப் போய்விடும். வானியலாளர்கள் ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் இருவரும் 1965-ல் எதிர்பார்த்த இது, 2001-ல் செம்பெயர்ச்சி 6.28 கொண்ட ஒரு குவேசாரில் அகப்பட்டது. ஆங்கிலத்தில் இதற்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியின் பெயர் (trough). தமிழில் ‘கன்–பீட்டர்சன் பள்ளம்’ போதும். வரைபடம் சரிந்து தரையோடு தரையாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தொட்டி என்று தோன்றாது.