சர்ன்: தயிர் கடைவதா, கீரை கடைவதா?

ஆங்கிலத்தில் ‘சர்ன்’ (churn) என்பது முதலில் வெண்ணெய் எடுக்கும் பாத்திரத்தின் பெயர். கடைதல் என்னும் வினைப்பொருள் பிறகுதான் வந்தது. வாடிக்கையாளர் விட்டுப்போவதைத் தொலைபேசி நிறுவனங்கள் இன்று இந்தச் சொல்லால் குறிக்கின்றன. வேலைச் சந்தையைப் பற்றிப் பேசும்போது பொருளே வேறு: பணியிடங்கள் தோன்றி மறைவதும், அவற்றில் ஆட்கள் மாறுவதும்.

மேரிலாந்து பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் ஹால்டிவாங்கர் பல பத்தாண்டுகளாக இதைத்தான் அளந்துவருகிறார். மொத்த வேலைவாய்ப்பு ஏறியதா, இறங்கியதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அவரும் இன்னொரு பொருளியலாளரான ஸ்டீவன் டேவிஸும் ஆலை ஆலையாகக் கணக்கைப் பிரித்தார்கள். 1973 முதல் 1988 வரை அமெரிக்க உற்பத்தித் தொழிலில் ஆண்டுக்குச் சராசரியாக நூற்றுக்கு 10.3 பணியிடங்கள் அழிந்தன, 9.1 பிறந்தன. நிகரக் கணக்கில் தெரியும் குறைவு வெறும் 1.2. அடியில் நடந்த ஆக்கமும் அழிவும் சேர்ந்தால் 19.4!

இதற்கு மேலும் ஓர் அசைவு உண்டு. மூன்று தையல்காரர்கள் விலகுகிறார்கள். அதே மூன்று தையல் எந்திரங்களில் வேறு மூவர் வந்து உட்காருகிறார்கள். பணியிடம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் ஆறு பேர் அசைந்திருக்கிறார்கள். கறாராகச் சொன்னால் இந்த மிகை அசைவுதான் ‘சர்ன்’. பொது வழக்கில் பணியிட ஆக்க அழிவையும் சேர்த்தே அப்படிச் சொல்லிவிடுகிறார்கள்.

தமிழில் என்ன சொல்வது? ‘பணிச் சுழற்சி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது ஆகாது; சுழற்சி முறைப் பணி என்றால் நமக்கு ஷிப்ட்தான் நினைவுக்கு வரும். ‘கொந்தளிப்பு’ என்றால் தொழிலாளர் போராட்டமோ என்று தோன்றும். நேர்ச்சொல் கையிலேயே இருக்கிறது: கடைதல். பெயர்ச்சொல்லாகக் ‘கடைவு’ எனலாம். ‘கடைசல்’ வேண்டாம், அது மரக் கடைசல்காரருக்குச் சொந்தம்.

ஒரு சிக்கல். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரளும்; கீரையைக் கடைந்தால் மசியும், அவ்வளவுதான். வேலைச் சந்தையில் நடப்பது எது? 1990களின் அமெரிக்கச் சில்லறை வணிகத்தை ஹால்டிவாங்கர் இருவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். உற்பத்தித்திறன் வளர்ச்சி ஏறக்குறைய முழுவதும், திறன் குறைந்த கடைகள் மூடித் திறன் மிக்க புதுக் கடைகள் நுழைந்ததால் வந்தது என்பது முடிவு. வெண்ணெய்தான், சந்தேகமில்லை. மூடிய கடையில் வேலை பார்த்தவரைக் கேட்டால் கீரை என்பார். அதனால்தான் இரண்டுக்கும் பொருந்தும் ‘கடைவு’ எனக்குப் பிடித்திருக்கிறது.