முழு நாவலையும் மொழிபெயர்ப்பதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்

முந்நூறு பக்க நாவல். ஆங்கிலத்தில் முழுசாக மொழிபெயர்த்து, நாலு முறை திருத்தி, சிறு பதிப்பகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. விசாரித்தால் அதன் ஆங்கில உரிமை எப்போதோ வேறு இடத்துக்கு விற்றுப்போயிருக்கிறது. இப்படிப்பட்ட கைப்பிரதிகள் வருவது நிற்கவே மாட்டேன் என்கிறது. மொழிபெயர்ப்பு மோசமாக இருந்தாலாவது மனசு ஆறும். பல நன்றாகவே இருக்கின்றன.

கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "எழுத்தாளரே சரின்னு சொல்லிட்டாரே!" போதாது. மூலநூல் வெளியானபோதே மொழிபெயர்ப்பு உரிமையையும் பதிப்பகத்துக்கோ ஏஜென்டுக்கோ அவர் எழுதிக் கொடுத்திருக்கலாம். கையெழுத்துப் போட்டது பலருக்கு நினைவில்கூட இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த "தாராளமாகச் செய்யுங்கள்" ஒப்பந்தம் ஆகாது. எழுத்தாளர் காலமாகிவிட்டார் என்றால் இன்னும் சிக்கல். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் காப்புரிமை அவருக்குப் பின் 70 ஆண்டு நீடிக்கும். மூன்று வாரிசுகள் இருந்தால் மூத்தவரிடம் பேசி முடித்தது மற்ற இருவரைக் கட்டுப்படுத்தாது. ஆசைக்கு மொழிபெயர்த்து வீட்டில் வைத்திருக்கும்வரை யாரும் கேட்கப்போவதில்லை. அச்சுக்குப் போகவேண்டும் என்றால் உரிமை வேண்டும்.

ஆகவே மூலநூலின் முதல் பக்கங்களில் இருக்கும் காப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். மூலப் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு எழுதுங்கள்: உலகம் முழுவதும் ஆங்கிலத்தில் வெளியிடும் உரிமை இன்னும் விற்காமல் இருக்கிறதா? இல்லையென்றால் பிரிட்டன்-காமன்வெல்த், வட அமெரிக்கா இரண்டில் எது மிச்சம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். உரிமைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டாம், அது பதிப்பகத்தின் வேலை. ஆனால் ஓர் ஆண்டுக்கு நீங்கள் மட்டுமே பதிப்பகம் தேடலாம் என்று ஒரு கடிதம் கிடைத்தால் விடாதீர்கள். அது இல்லாததால், அலைந்து திரிந்து பதிப்பகம் பிடித்தவர் ஒருவர், மொழிபெயர்ப்பாளராக அட்டையில் வந்த பெயர் இன்னொருவருடையது என்று ஆகியிருக்கிறது.

அதற்குள் இருபது, முப்பது பக்க மாதிரி போதும். கூடவே ஒரு பக்கக் கதைச் சுருக்கம் (முடிவை மறைக்காதீர்கள், எடிட்டரிடம் சஸ்பென்ஸ் எதற்கு?), எழுத்தாளர் குறிப்பு, உரிமை நிலவரம். மாதிரிக்கு உரிய மூலப் பக்கங்களையும் இணையுங்கள். எடிட்டருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்பார். தயவுசெய்து பதிப்பகத்தின் நூல் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். பிரிட்டனின் பெய்ரீன் பதிப்பகம் குறுநாவல்களுக்குப் பேர்போனது. அறுநூறு பக்கக் குடும்பக் கதையை அங்கே அனுப்பி என்ன பயன்? எடின்பரோவின் சார்கோ பதிப்பகம் லத்தீன் அமெரிக்க எழுத்துக்காகத் தொடங்கப்பட்டது.

ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூலுக்குத் தரும் சர்வதேச புக்கர் பரிசை 2022-இல் டில்டட் ஆக்சிஸும் 2025-இல் அண்ட் அதர் ஸ்டோரீஸும் வெளியிட்ட நூல்கள் வென்றன. இரண்டுமே சின்னப் பதிப்பகங்கள். பரிசுத் தொகையான 50,000 பவுண்டும் எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. அந்த ஆசையைக் காட்டி "வெளியீட்டுச் செலவில் பாதி உங்களுடையது" என்று யாராவது வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான பதிப்பகம் மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கொடுக்கும், கேட்காது. கையில் இல்லாவிட்டால் நல்கை, அதாவது மானியம், தேடும். பிரிட்டனில் இங்கிலீஷ் பென் என்ற எழுத்தாளர் அமைப்பின் 'பென் டிரான்ஸ்லேட்ஸ்' நல்கைத் திட்டம் மொழிபெயர்ப்புச் செலவில் 75 சதவீதம் வரை தருகிறது. ஆண்டு விற்றுவரவு ஐந்து லட்சம் பவுண்டுக்குக் குறைந்த பதிப்பகம் என்றால் முழுச் செலவும் கிடைக்கலாம். விண்ணப்பிக்க வேண்டியது பதிப்பகம்தான். உரிமை ஒப்பந்தம் இல்லாமல் அந்த விண்ணப்பமும் நகராது.